நிழலை அளக்க இரண்டு பள்ளிகள் வேண்டும்

அயல்நாட்டுப் பள்ளிகளோடு கைகோத்து விஞ்ஞானம் பயில வேண்டும் என்ற பேச்சு இப்பொழுது பரவலாகக் கேட்கிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. கடல் கடந்த நாட்டிலே நமக்கொரு தோழி. கணினித் திரையில் அவள் முகம். அவளும் நாமும் சேர்ந்து பாடம் படிப்பது. யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் இத்தகைய கூட்டுறவுகளில் பல எவ்வாறு நடந்தேறுகின்றன என்று சற்றே எண்ணிப் பாருங்கள், தோழியரே! இரு நாட்டுக் கொடிகள், ஒரு வரவேற்புப் பாடல், ஒரு நடனம், “உங்கள் ஊரில் காலையில் என்ன சாப்பிடுவீர்கள்?” என்று ஒரு கேள்வி, கடைசியில் ஒரு புகைப்படமும் ஒரு சான்றிதழும். விஞ்ஞானம் எங்கே என்று தேடினால் மேடைக்குப் பின்னே தொங்கும் துணியில் அந்தச் சொல் எழுதப்பட்டிருக்கும்.

அவர்கள் இட்டலியைப் பற்றித் தெரிந்துகொள்வதிலும் நாம் அவர்கள் ரொட்டியைப் பற்றித் தெரிந்துகொள்வதிலும் தவறேதும் இல்லை. அது நட்பு, நட்பு நல்லதே. அதற்கு விஞ்ஞானக் கூட்டுறவு என்று பெயர் சூட்டுவதைத்தான் நாம் மறுக்கின்றோம். ஒரு பள்ளி தனியாக எவ்வளவு முயன்றாலும் கண்டறிய முடியாத ஒன்றை, இரண்டு பள்ளிகள் சேர்ந்தால் கண்டறியலாம் என்றிருந்தால் மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும் என்பது எம் துணிபு.

நம் பரிசோதனைக்கூடங்களின் நிலையை முதலில் பார்ப்போம். மேல்நிலை வகுப்பில் தனி ஊசல் என்றொரு செய்முறை உண்டு. நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இருபது அலைவுகளுக்கு எத்தனை வினாடி என்று பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்பது ஊசலைத் தொடுமுன்பே எல்லாருக்கும் தெரியும். விடை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பிறகு என்ன நடக்கும்? விடையிலிருந்து பின்னோக்கி நடந்து வினாடிகளை எழுதுவது நாட்டில் எந்தப் பள்ளிக்கும் புதிய கலையன்று. ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கும். சிவப்பு மையில் கையெழுத்தும் விழும். ஊசல் மட்டும் தன் போக்கில் ஆடிக்கொண்டிருக்கும். குழந்தைகளுக்கு விஞ்ஞானம் சலிப்பூட்டுகிறது என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். யாருக்கும் தேவைப்படாத ஓர் எண்ணை ஆண்டுதோறும் அளந்துகொண்டிருந்தால் சலிப்பு வராமல் வேறென்ன வரும்?

இப்போது வேறொரு செய்முறையைச் சொல்லுகிறோம். இதற்கு வேண்டிய கருவி ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கழி ஒன்று. துடைப்பக் கட்டையாக இருந்தாலும் பாதகமில்லை.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் எரட்டோஸ்தனிஸ் என்ற அறிஞர் இருந்தார். அந்நகரின் புகழ்பெற்ற நூலகத்துக்கு அவரே தலைவர். தெற்கே சயீன் என்னும் ஊரில் (இன்றைய அஸ்வான்) ஆண்டின் மிக நீண்ட பகலன்று உச்சிவேளையில் கதிரவன் நேர் தலைக்கு மேலே நிற்கும் என்று அவர் அறிந்திருந்தார். அதே நாள், அதே வேளையில் அலெக்சாந்திரியாவிலோ நிழல் விழுந்தது. அந்தக் கோணம் ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைப்போல் ஐம்பது மடங்குதான் இந்தப் பூமியின் சுற்றளவு! ஒரு நிழலை வைத்துக்கொண்டு உலகையே அளந்துவிட்டார் என்று வியந்து பேசுவார்கள். இன்னொரு ஊரிலிருந்து வந்த செய்தி இல்லாவிட்டால் அந்த ஒரு நிழல் எதற்கும் உதவியிராது.

இதையே நாமும் செய்யலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிகள் ஒன்றுக்கொன்று நிழலின் நீளத்தை அனுப்பிக்கொண்டு இதைச் செய்து வருகின்றன. நமக்கும் ஏற்ற கூட்டாளி வடக்கே இருக்கிறது. சென்னையிலிருந்து வடக்கு நோக்கி ஒரு கோடு இழுத்தால், அது இமயத்தையும் திபெத்தையும் தாண்டி, கஜகஸ்தான் நாட்டின் அல்மாட்டி நகருக்குச் சற்றுக் கிழக்கே செல்லும். அங்கே ஒரு பள்ளி நமக்குத் தோழமை ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி நடுவில் ஒரே நாளில் இரு பள்ளிகளிலும் ஒரு மீட்டர் கழியைச் செங்குத்தாக நிறுத்துகிறோம். உச்சிவேளையில் நம் முற்றத்தில் விழும் நிழல் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் இருக்கும். அங்கே பனி மூடிய தரையில் விழும் நிழலோ ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்! கழியைவிட நிழல் நீளம். நம் கோணம் 26 பாகை, அவர்கள் கோணம் 56 பாகை, வித்தியாசம் 30. வட்டத்துக்கு 360 பாகையாதலால் இது பன்னிரண்டில் ஒரு பங்கு. தேசப்படத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையே தெற்கு வடக்காக உள்ள தூரத்தை அளந்தால் சுமார் 3,350 கிலோமீட்டர். பன்னிரண்டால் பெருக்குங்கள்: 40,200. துருவங்கள் வழியே பூமியின் சுற்றளவு 40,008 கிலோமீட்டர் என்று புத்தகம் சொல்லுகிறது. துடைப்பக் கட்டைக்கு இது போதாதா?

“இதற்கு வெளிநாடு எதற்கு? பக்கத்து ஊர்ப் பள்ளியோடு செய்தால் ஆகாதா?” என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. செங்கற்பட்டுப் பள்ளியோடு செய்தால் கோணத்தின் வித்தியாசம் அரைப் பாகைக்கும் குறைவு. கழி சற்றே சாய்ந்தாலும் நிழலின் விளிம்பு மங்கலாயிருந்தாலும் அரைப் பாகை பிழை வந்துவிடும். அதாவது பிழை விடையைவிடப் பெரியதாகிவிடும். இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவோடு செய்தால் வித்தியாசம் சுமார் 14 பாகை. அதே அரைப் பாகைப் பிழை பூமியின் சுற்றளவில் ஏறக்குறைய 1,450 கிலோமீட்டரைக் கூட்டிவிடும் அல்லது குறைத்துவிடும். அல்மாட்டியோடு செய்தால் அதே பிழை 670 கிலோமீட்டர்தான். ஆக, தூரம்தான் இங்கே கருவி. நம் பரிசோதனைக்கூட அலமாரியில் எந்தப் பணத்தாலும் வாங்கி வைக்க முடியாத கருவி அது. அயல்நாட்டுத் தோழமை இப்படிப்பட்ட இடத்தில்தான் தன் கூலியைச் சம்பாதிக்கிறது. வடநாட்டுப் பள்ளியே போதுமான கேள்விக்கு வடநாட்டுப் பள்ளியே போதும். அயல்நாடு என்ற பெயருக்காக ஆசைப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் நிழல் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது; நம் நிழல் அவர்களுக்குத் தெரியாது. பின்னோக்கிக் கணக்குப் போட வழியே இல்லை. நாம் அசட்டையாக அளந்தால் அவர்கள் உழைப்பும் வீணாகும். நம் எண்ணுக்காக ஒருத்தி அங்கே காத்திருக்கிறாள் என்ற நினைவு வந்தவுடன், கழி செங்குத்தாக நிற்கிறதா என்று நூல் குண்டு கட்டிப் பார்க்கும் பொறுமை தானாகவே வரும். உச்சிவேளை என்றால் மணி பன்னிரண்டு என்று எண்ணியிருப்பவளுக்கு, சென்னையில் பிப்ரவரி மாதத்தில் நிழல் மிகக் குறுகும் நேரம் 12 மணி 23 நிமிட வாக்கில்தான் என்பது ஓர் அதிர்ச்சி. நம் கடிகாரம் காட்டும் இந்திய நேரம் நமக்குக் கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது; கதிரவனும் ஆண்டு முழுவதும் கடிகாரத்துக்கு அடங்கி நடப்பதில்லை. ஒரு நிழலை அளக்கப் போய் இவ்வளவும் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரிடுகிறது. ஐந்து மதிப்பெண் வினாவாக வந்திருந்தால் இதை யார் கேட்டிருப்பார்?

நிழல் ஒன்றுதான் உண்டென்று எண்ண வேண்டாம். மோனார்க் என்னும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி குளிர்காலத்தில் மெக்சிகோ நாட்டு மிச்சோகான் பகுதியின் மலைக்காடுகளில் கொத்துக் கொத்தாகத் தங்கி, வசந்தத்தில் அமெரிக்க ஐக்கிய நாடு வழியே கனடா வரை செல்கிறது. புறப்பட்ட பூச்சி போய்ச் சேருவதில்லை. வழியிலேயே முட்டையிட்டு மடிய, அதன் மக்களும் பேரர்களும் பயணத்தை முடிக்கின்றன. 1990-களிலிருந்து அம்மூன்று நாட்டுப் பள்ளிச் சிறுவர் சிறுமியர் தத்தம் ஊரில் முதற்பூச்சியைக் கண்ட நாளைக் குறித்து ஒரே வரைபடத்தில் சேர்த்து வருகிறார்கள். எந்த ஊர்க் குழந்தையும் முழுப் பயணத்தையும் கண்ணால் பார்க்க முடியாது. நமக்கும் இதுபோல் ஒன்று உண்டு. மங்கோலியாவிலும் திபெத்திலும் கோடையைக் கழிக்கும் வரித்தலை வாத்து இமயத்தின் மேலே பறந்து நெல்லைச் சீமையின் கூந்தன்குளம் வரை வருகிறது. அந்த ஏரிக்கரைப் பள்ளி மாணவி ஒருத்தி மார்கழியில் எண்ணுவதையும் மங்கோலிய ஏரிக்கரை மாணவி ஒருத்தி ஆனியில் எண்ணுவதையும் ஒரே தாளில் எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பெரியவர்களின் விஞ்ஞானமும் இப்படித்தான் வளர்ந்தது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பல நாடுகளிலிருந்து ஒரே நாளில் அளந்தால் சூரியனின் தூரம் தெரியும் என்பதற்காக 1761-லும் 1769-லும் அறிஞர்கள் உலகின் மூலைகளுக்கெல்லாம் போனார்கள். அவர்களில் லெ ஜென்தீல் என்ற பிரெஞ்சுக்காரர் நம் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். போரில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால், 1761-இல் ஆடும் கப்பலிலிருந்து வெறுமனே பார்க்கத்தான் முடிந்தது. எட்டு ஆண்டுகள் கீழ்த்திசையிலேயே காத்திருந்து 1769-இல் புதுச்சேரியில் கருவிகளை அமைத்தார். அன்று காலை மேகம் மறைத்துவிட்டது, பாவம்! ஆயினும் மற்ற இடங்களில் வானம் தெளிவாயிருந்ததால் வேலை நிற்கவில்லை. 2004-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் அதே நிகழ்ச்சி வந்தபோது ஐரோப்பியத் தென் வானாய்வகம் பல நாட்டுப் பள்ளிகளையும் ஆர்வலர்களையும் ஒன்று சேர்த்து அளக்கச் செய்தது. அவர்கள் எல்லாருமாய்க் கண்ட சூரியனின் தூரம் உண்மை அளவுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட விலகவில்லை.

மழை, வெப்பம், மேகம் ஆகியவற்றைப் பள்ளிப் பிள்ளைகளே அளந்து பதிவு செய்யும் ‘குளோப்’ என்ற திட்டம் 1995-ஆம் ஆண்டு பூமி நாளில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு, இன்று 120-க்கு மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு. செயற்கைக்கோள் மேலிருந்து காணும் மேகத்தைக் கீழிருந்து ஒரு மாணவி கண்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மாணவியின் கண் அங்கே தேவைப்படுகிறது.

தேவைப்படுகிறது என்ற இச்சொல்லைத்தான் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வெளிநாட்டுப் பள்ளி கொடுப்பதும் நாம் வாங்குவதுமாக நடக்கும் தோழமை எங்களுக்கு வேண்டாம். அவர்கள் கழித்துவிட்ட கருவிகளை அனுப்ப, நாம் வரிசையில் நின்று நன்றி கூறிப் பாடுவது என்ன கூட்டுறவு? நிழல் அளக்கும் செய்முறையில் பணக்காரப் பள்ளியின் கழியும் ஒரு மீட்டர்தான், நம் கழியும் ஒரு மீட்டர்தான். நம் நிழல் கிடைக்காவிட்டால் அவர்களால் கணக்கை முடிக்கவே முடியாது. தவிர, வெயில் விஷயத்தில் நாம் ஏழைகள் அல்லர்!

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய நிகழ்ச்சி என்றவுடன் ஆங்கிலம் சரளமாகப் பேசும் நான்கு பேரை முன்வரிசையில் அமர்த்திவிடுவது எங்கும் வழக்கமாகிவிட்டது. தமிழ் வழியில் பயிலும் மாணவியர் பின்னால் கைதட்டுவார்கள். கஜகஸ்தான் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. அவர்களும் தயங்கித் தயங்கித்தான் பேசுவார்கள். 49 என்ற எண்ணை எழுதி அனுப்ப இலக்கணம் வேண்டாம். கழியைப் பிடித்தவளே எண்ணையும் அனுப்பட்டும். பேசத் தெரிந்தவள் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஆசிரியைகளின் கவலையும் நாம் அறியாததன்று. பாடப் பகுதிகளை முடிக்க வேண்டும், தேர்வு நெருங்கும், இதற்கு நேரம் ஏது? நிழலை அளக்க ஆகும் நேரம் முக்கால் மணி, ஒரு பாடவேளைதான். கோணம் காண்பது கணித வகுப்பின் முக்கோணவியல். தீர்க்கரேகை சமூகவியல் ஆசிரியைக்கு உரியது. மூவரும் ஆளுக்கொரு பாடவேளை தந்தால் வேலை முடிந்தது. கடினமானது நாள் பார்ப்பதுதான். ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சென்னையில் உச்சிவேளை நிழல் அடியோடு மறைந்துபோகும். அது சயீன் நகரத்துக் கதையேதான். ஆனால் அப்போது நமக்கு ஆண்டுத் தேர்வு அல்லது விடுமுறை. அதே நிலை ஆகஸ்டு 18 வாக்கில் மீண்டும் வரும். அப்போது அவர்களுக்கு விடுமுறை, செப்டம்பர் முதல் நாள்தான் அவர்கள் பள்ளி திறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை. பிப்ரவரியில் இரண்டு பள்ளிகளும் திறந்திருக்கும், நம் வானமும் தெளிவாயிருக்கும். அங்கே மேகமாயிருந்தால் மறுநாள் இருவரும் சேர்ந்து மீண்டும் அளக்கலாம். ஆகவே ஒரு நாளைக் குறிக்காமல் ஒரு வாரத்தைக் குறிப்பது நல்லது. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் முதற்கடிதம் போய்விட வேண்டும். கழி நிறுத்த ஏற்ற இடம் கொடிக்கம்பத்துக்குத் தெற்கே உள்ள சிமெண்டுத் தரை. நண்பகலில் அங்கே மரநிழல் விழுவதில்லை.