குளிர்சாதனச் சொற்களும் குடும்பச் செலவும்

விஞ்ஞானத்தின் விளைவாகிய ஒரு கருவி ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு வீட்டுக்குள் வரும்போது, அதனுடைய சொற்களும் உடன் வந்து சேர்கின்றன. கருவியை நாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். சொற்களையோ பொருள் விளங்காமலே ஏற்றுக்கொள்கிறோம். இன்று இந்தியக் குடும்பங்கள் பெருஞ்செலவில் வாங்கும் குளிரூட்டும் கருவிகளின் நிலை இதுவே. டன், நட்சத்திரம், இன்வெர்ட்டர், கேஸ் என்னும் சொற்கள் கடைத்தெருவில் நாள்தோறும் புழங்குகின்றன. அவற்றின் பொருளைக் கேட்டால், விற்பவரும் வாங்குபவரும் ஆளுக்கொரு விடை கூறுவர். இச்சொற்களின் பொருளை வாங்குவோருக்கு அவரவர் தாய்மொழியில் எடுத்துரைப்பது அரசாங்கம், உற்பத்தியாளர், விற்பனையாளர் ஆகிய மூவருக்கும் உரிய கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதனை அற்ப விஷயமென்று ஒதுக்குவதற்கில்லை. 2024 மே 30 அன்று நாட்டின் மின்சாரத் தேவை சுமார் 250 கிகாவாட் என்னும் உச்சத்தைத் தொட்டது. கடுங்கோடையில் ஓடிய குளிர்சாதனங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 2019இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், ஏறக்குறைய 8 சதவீதக் குடும்பங்களிடமே அறைக் குளிர்சாதனம் இருந்ததாகக் குறிப்பிட்டது. இனி வாங்கப்போகும் கோடிக்கணக்கான குடும்பங்கள் எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதைப் பொறுத்தே அவற்றின் மாதாந்தரச் செலவும் நாட்டின் மின்சுமையும் அமையும்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. குளிர்ச்சி என்று தனியாக ஒரு பொருளை எந்த யந்திரமும் உற்பத்தி செய்வதில்லை. கிணற்று நீரைப் பம்பு மேலே இறைப்பதுபோல, அறையிலுள்ள வெப்பத்தைக் குளிர்சாதனம் வெளியே இறைக்கிறது. உட்பெட்டியின் குழாய்களில் ஒரு திரவம் ஆவியாகி அறையின் வெப்பத்தை ஏற்கிறது. கம்ப்ரஸர் அவ்வாவியை அழுத்துகிறது. வெளிப்பெட்டியில் அது வெப்பத்தைக் காற்றில் விட்டு மீண்டும் திரவமாகிறது. இந்தச் சுழற்சியை மனத்திற் கொண்டால் மற்றச் சொற்கள் எளிதில் விளங்கும்.

‘டன்’ என்பது யந்திரத்தின் எடையன்று. பனிக்கட்டி வாணிகம் தழைத்திருந்த அமெரிக்காவில் பிறந்த அளவு இது. 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி வந்ததும், அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்ததும் வரலாறு. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகி நீராவதற்கு எவ்வளவு வெப்பத்தை ஏற்குமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை அகற்றும் திறனே 1 டன். கிலோவாட் கணக்கில் அது சுமார் 3.5 ஆகும். ஒன்றரை டன் யந்திரம் மணிக்கு 5 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் உண்ணும் என்று எண்ணுவது தவறு. 5 கிலோவாட்டுக்குச் சற்று மேற்பட்டது அது வெளியேற்றும் வெப்பம்; அதற்கு அது செலவிடும் மின்சாரம் பெரும்பாலும் 2 கிலோவாட்டுக்கும் குறைவே. தேவைக்கு மிஞ்சிய டன் வாங்குவதும் நன்மையன்று. நிலையான வேகத்தில் ஓடும் பெரிய யந்திரம் சிறிய அறையை விரைவில் குளிர்வித்து நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரம் போதிய அளவு வடிவதற்கு நேரம் இராது. அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும்.

வெளியேற்றிய வெப்பத்துக்கும் செலவிட்ட மின்சாரத்துக்கும் உள்ள விகிதமே வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டிய எண். 2018 முதல் நம் நாட்டில் அறைக் குளிர்சாதனங்களின் தரத்தை ஐ.எஸ்.இ.இ.ஆர். என்னும் பருவச் சிக்கன விகிதம் தீர்மானிக்கிறது. 24 டிகிரி முதல் 43 டிகிரி வரை மாறும் இந்திய வெப்பநிலைகளையும், ஆண்டுக்கு 1,600 மணி நேர ஓட்டத்தையும் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. ஒரு வீட்டில் ஆண்டுக்கு 3,500 யூனிட் அளவு வெப்பத்தை வெளியேற்றவேண்டும் என்று கொள்வோம். விகிதம் 3.5 ஆயின் 1,000 யூனிட் மின்சாரம் செலவாகும். 5 ஆயின் 700 யூனிட் போதும். பத்தாண்டு ஓட்டத்தில் மிஞ்சும் 3,000 யூனிட்டின் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தால், கடையில் பேரம் பேசிக் குறைத்த தொகை பெரிதாகத் தோன்றாது.

நட்சத்திரங்கள் இந்த விகிதத்தின் சுருக்கக் குறியீடுகளே. எரிசக்திச் சிக்கனச் செயலகம் அவற்றின் எல்லைகளை அவ்வப்போது உயர்த்தி வருகிறது. ஸ்பிளிட் வகைக்கு 2018இல் 5 நட்சத்திரம் பெற 4.5 என்னும் விகிதம் போதுமானதாக இருந்தது. 2022 ஜூலை முதல் 5 தேவைப்பட்டது. அதாவது, 2021இல் 4.6 விகிதத்துடன் 5 நட்சத்திரம் பெற்ற யந்திரம் 2022ஆம் ஆண்டின் பட்டியலில் 4 நட்சத்திரமே பெறும். ஆகவே, நட்சத்திரத்தை மட்டும் எண்ணுவது போதாது. ஒட்டுச்சீட்டிலுள்ள ஆண்டையும் விகிதத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

‘இன்வெர்ட்டர்’ என்னும் சொல் விளைவிக்கும் மயக்கம் நம் நாட்டுக்கே உரியது. மின்தடையின்போது விளக்கெரிக்கும் பேட்டரிப் பெட்டியை நாம் இன்வெர்ட்டர் என்று வழங்குகிறோம். அதனால், இன்வெர்ட்டர் குளிர்சாதனம் மின்சாரம் நின்றாலும் ஓடும் என்று நம்பி வாங்குவோர் உண்டு. கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் வல்ல மின்னணு அமைப்பையே இங்கு அச்சொல் குறிக்கிறது. மின்தடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘வேகம் மாறும் கம்ப்ரஸர்’ என்று எழுதியிருந்தால் இந்த ஏமாற்றம் நேராது.

வெப்பநிலைக் குறியீட்டிலும் ஒரு தெளிவு வேண்டும். 18 டிகிரி என்று அமைத்தால் அறை விரைவில் குளிரும் என்பது பரவலான நம்பிக்கை. அந்த எண், யந்திரம் எங்கே நிற்கவேண்டும் என்பதைக் குறிக்கிறதேயன்றி, எத்துணை வேகமாகக் குளிர்விக்கவேண்டும் என்பதையன்று. ஒவ்வொரு டிகிரி உயர்த்தி வைக்கும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்று செயலகம் கூறுகிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் அறைக் குளிர்சாதனங்கள் தொடக்கத்தில் 24 டிகிரியில் இருக்கவேண்டுமென விதிக்கப்பட்டது; பயன்படுத்துவோர் அதை மாற்றிக்கொள்ளலாம்.

‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்னும் சொற்றொடரே எல்லாவற்றினும் அதிகப் பணத்தைக் கரைக்கிறது எனலாம். குளிர்வாயு எரிபொருளன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் அது தேய்வதுமில்லை, தீர்வதுமில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவைக் கண்டு அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும். இழப்பு வீட்டாருக்கு மட்டுமன்று. ஆர்-22 என்னும் பழைய வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. இன்று மிகுதியாக வழங்கும் ஆர்-32 ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும் 1 கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 675 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பான வெப்பத் தாக்கம் அதற்கு உண்டு. ஓரளவு தீப்பற்றும் இயல்பும் உடையதாகையால், பயிற்சி பெற்றவரே அதைக் கையாளவேண்டும்.

குளிர்சாதனம் வாங்க இயலாத குடும்பங்களுக்கு ஏர் கூலர் துணை செய்கிறது. வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்துக் காற்றைக் குளிர்வித்த நம் முன்னோரின் முறையே இதன் தத்துவம். 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் வெப்பத்தை ஏற்கிறது. மணிக்கு 5 லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 1 டன் ஆகும். ஆயினும் காற்று ஈரமாயிருந்தால் நீர் ஆவியாகாது. இங்கே அறியவேண்டிய சொல் ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்றோட்டத்தில் காட்டும் அளவு அது. கூலர் அதற்குக் கீழே காற்றைக் குளிர்விக்க இயலாது. ஜோத்பூரில் 42 டிகிரி வெப்பமும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் ஈரக்குமிழ் அளவு சுமார் 22 டிகிரி. நல்ல கூலர் 26 டிகிரி அளவில் காற்றைத் தரும். சென்னையில் 35 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஈரக்குமிழ் அளவு 28 டிகிரிக்கு மேல்; கூலர் 30 டிகிரி அளவில் ஈரம் மிகுந்த காற்றையே வீசும். ஊரின் காற்றை அறியாமல் கருவியை வாங்கினால் பணம் வீணாகும். கூலர் ஓடும்போது ஈரக்காற்று வெளியேறச் சன்னலைத் திறந்து வைக்கவேண்டும் என்பதையும் பலர் அறிவதில்லை.

வடநாட்டுக் குளிர்காலத்துக்கும் இக்கருத்து பொருந்தும். கம்பிச்சுருள் ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்தை 1 யூனிட் வெப்பமாக மாற்றும். குளிர்சாதனத்தின் சுழற்சியைத் திருப்பி, வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இறைக்கும் வெப்பப் பம்பு, கடுங்குளிர் இல்லாத இடங்களில் அதே 1 யூனிட்டைக் கொண்டு 3 யூனிட் அளவு வெப்பம் தரவல்லது. மூடிய அறையில் கணப்புச் சட்டியைக் கொளுத்தி உறங்குவோரை, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு வாயு கொன்றுவிடுகிறது. அங்கே ‘காற்றோட்டம்’ என்னும் சொல்லின் பொருள் உயிரோடு சம்பந்தப்பட்டது.

இவையெல்லாம் நிபுணர்க்குரியவை, பொதுமக்களுக்கு விளங்கா என்று சிலர் கூறலாம். அக்கூற்றை ஏற்பதற்கில்லை. பம்புசெட்டின் குதிரைத்திறனை அறியாத விவசாயி இல்லை. 22 காரட்டுக்கும் 18 காரட்டுக்கும் வேற்றுமை அறியாமல் நகை வாங்கும் இல்லத்தரசியும் இல்லை. தமக்கு நேரும் லாப நஷ்டம் தெளிவாகத் தெரிந்த இடத்தில் மக்கள் எந்தச் சொல்லையும் கற்றுக்கொள்கின்றனர். குளிர்சாதனத்தின் நஷ்டம் மின்கட்டணத்துக்குள் மறைந்திருப்பதே இங்குள்ள தடை.

செய்யவேண்டியவை மூன்று. ஒவ்வொரு கருவியோடும் டன், விகிதம், ஆண்டு மின்செலவு, வாயுவின் வகை ஆகியவற்றின் பொருளை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பு மாநில மொழியில் தரப்படவேண்டும். பழுது பார்ப்போருக்கு அளிக்கும் பயிற்சியில், கசிவைக் கண்டறிவதோடு அதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்வதும் ஒரு பாடமாகவேண்டும். பள்ளிகளில் மின்சாரம் பற்றிய பாடம் நடத்தும் ஆசிரியர், ஓர் ஒட்டுச்சீட்டைக் கரும்பலகையில் வரைந்து அதைப் படிக்கக் கற்பிக்கவேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. தான் விலை கொடுத்து வாங்கும் கருவியின் மீது எழுதியிருப்பது என்னவென்று அறியும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. அடுத்த கோடைக்குள் அவ்வுரிமை அவனுடைய மொழியிலேயே அவனை வந்தடையவேண்டும்.