இருமல் மருந்து கேட்டவரிடம் ஏன் கேட்கவில்லை?



சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டணத்து மருந்துக்கடை ஒன்றில் அரை மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். நம்மவர் ஒருவர் வருவார். "தங்கச்சி, இருமலுக்கு ஒரு போத்தல் குடும்மா" என்பார். சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டிருக்கும். கவுண்டரில் நிற்கும் பெண்ணும் அதைப் பார்ப்பாள். போத்தலைக் கொடுப்பாள், காசை வாங்குவாள், அடுத்த ஆளைக் கவனிப்பாள். அடுத்த மாதமும் அதே ஆள், அதே இருமல், அதே போத்தல்!

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, சிகரெட் பிடிக்கிறீங்களா? விட்டுடணும்னு எப்பவாவது நெனச்சிருக்கீங்களா?" என்று அந்தப் பெண் ஏன் கேட்கக்கூடாது?

கேட்டால் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார் என்பார்கள் முதலாளிமார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நம் ஆட்களில் சிகரெட்டை விட நினைக்காதவர் யார்? தீபாவளிக்கு விட்டு, பொங்கலுக்குத் தொட்டவர்கள் லயத்துக்கு நாலு பேர் உண்டு. மரியாதையாகக் கேட்டால் கோபம் வராது. வருவது கூச்சம்தான். அது போய்விடும்.

முன்பெல்லாம் தோட்டத்திலேயே டிரஸ்ஸர் இருந்தார். திட்டுவார், ஆனால் நம் வீட்டுக் கதையெல்லாம் அவருக்குத் தெரியும். இன்று பல தோட்டங்களில் அந்த ஆஸ்பத்திரிக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. டாக்டரைப் பார்க்கப் போனால் அரை நாள் வேலை போய்விடும். நம்பர் எடுக்காமல், கட்டணம் கட்டாமல் மருந்து தெரிந்த ஒருவரிடம் பேசக்கூடிய இடம் மருந்தகம் ஒன்றுதான்.

சரி, கேட்டாயிற்று. "ஆமாம்மா, விடணும்" என்கிறார். அப்புறம்? "உடம்புக்குக் கெடுதல்ணே" என்று உபதேசம் செய்வதில் பயனில்லை, அது அவருக்குத் தெரியும். கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, "காலையில எழுந்திரிச்சு எவ்வளவு நேரத்துல மொத சிகரெட்?" என்பதுதான். பெரட்டுக்குப் போகுமுன்பே, கடுங்காப்பியோடு ஒன்றைப் பற்றவைக்கிறாரா? எழுந்த 30 நிமிஷத்துக்குள் பிடிப்பவர் என்றால் நிகோட்டின் அவரைப் பலமாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அவரிடம் போய் "மனசை உறுதியா வச்சுக்குங்க" என்பது, கால் முறிந்தவனை எழுந்து நட என்பது போல. இதற்காகத்தான் நிகோட்டின் சுவிங்கம் இருக்கிறது, தோலில் ஒட்டும் நிகோட்டின் பிளாஸ்டரும் இருக்கிறது. இரண்டும் டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்தகத்தில் கிடைக்கும். வெறும் வைராக்கியத்தோடு விட முயல்பவரைவிட, இவற்றின் துணையோடு முயல்பவர் வெற்றி பெறும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

ஆனால் பெட்டியை விற்றுவிட்டால் வேலை முடிந்ததா? இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சுவிங்கம் வாங்கி வந்து, வெற்றிலையை மெல்லுவது போல் மென்று சாற்றை விழுங்கிவிட்டார். விக்கல், குமட்டல், வயிற்றெரிச்சல். "இந்த எழவுக்கு சிகரெட்டே தேவல" என்று மிச்சத்தை வீசிவிட்டார். குற்றம் அவருடையதா? சுவிங்கத்தை மெதுவாக மெல்ல வேண்டும், காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். இப்படி அரை மணி நேரம். மெல்லுவதற்கு 15 நிமிஷம் முன்பிருந்து காப்பியோ சோடா வகையோ கூடாது, குடித்தால் மருந்து சரியாக ஏறாது. 2 மில்லிகிராமும் உண்டு, 4 மில்லிகிராமும் உண்டு. எழுந்ததும் பிடிப்பவருக்கு 4 தான் வேண்டும். இதையெல்லாம் தமிழில் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். பெட்டிக்குள் இருக்கும் காகிதம் சொல்லாது.

பிளாஸ்டர் என்றால் வேறு சங்கடம். குலை அறுக்கிறவருக்கு வேர்வை ஆறாக ஓடும், ஒட்டியது உரிந்துவிடும். குளித்து, நன்றாகத் துடைத்து, ரோமம் இல்லாத மேல்கையில் வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். தினம் இடத்தை மாற்ற வேண்டும். வழக்கமாக 8 முதல் 10 வாரம், பலத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே.

இன்னொன்றை மருந்தாளுநர் கட்டாயம் கேட்க வேண்டும்: வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? இழுப்புக்காகத் தியோபிலின் மாத்திரை சாப்பிடுபவர் திடீரென்று சிகரெட்டை விட்டால், அந்த மருந்து ரத்தத்தில் கூடிப்போய் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரலாம். புகை உள்ளே போகும்வரை ஈரல் அந்த மருந்தை வேகமாகக் கரைத்துக்கொண்டிருக்கும், புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதற்காக விடாமல் இருக்கச் சொல்லவில்லை. மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இனிப்பு நீருக்கு ஊசி போடுபவரும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லட்டும். நெஞ்சு வலிக்காரர், கர்ப்பிணி என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

நம் அம்மாமாரையும் விட்டுவிடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை அடக்குவதை யாரும் புகைப்பதாக எண்ணுவதில்லை, கேட்பதும் இல்லை. வாய்ப்புண்ணுக்குக் களிம்பு கேட்டு வரும் பாட்டியிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

சுவிங்கம் விலை அதிகம் என்பார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பாக்கெட் 12 வெள்ளி என்று வைத்தாலும் தினம் ஒன்றுக்கு மாதம் 360 வெள்ளி. 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் புகையாகப் போகிறது! அப்படியும் முடியாதவரை அரசாங்க கிளினிக்கிற்கு அனுப்பலாம். சுகாதார அமைச்சு 2015-இல் எம்குவிட் என்று தொடங்கி, பின்பு ஜோம்குவிட் என்று பெயர் மாற்றிய திட்டத்தில், பயிற்சி பெற்ற தனியார் மருந்தாளுநர்களுக்கும் இடம் உண்டு.

கடைசியாக ஒன்று, இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். முதல் வாரம்தான் கொடுமை. எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பெண்டாட்டி பிள்ளைகள் மேல் பாய்வார். அந்த வாரத்தில் "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று ஒரு போன் போதும். ஒன்றிரண்டு பிடித்துவிட்டார் என்றால் திட்டாமல் மறுபடி தொடங்கச் சொல்ல வேண்டும்.

கிளைச் செயலாளர்கள் இந்த மாதமே பக்கத்துப் பட்டணத்து மருந்தகங்களுக்குப் போய், பயிற்சி பெற்ற மருந்தாளுநர் இருக்கிறாரா, தமிழ் பேசுபவர் எந்தக் கிழமையில் இருப்பார் என்று விசாரித்து, கடையின் பெயரைப் பெரட்டுக்களப் பலகையில் எழுதிப் போடுங்கள். நாம் கேட்டுக்கொண்டு வருவோம் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.