எந்தப் பக்கத்துக்குங்க?



போன வாரம் நான் போட்ட ஹெரால்ட் கார் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் "சார், இதுக்கெல்லாம் இன்னும் ஸ்பேர் கிடைக்குதுங்களா?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பேர், சாளையில் நிற்கும் அப்பா காலத்து வண்டியை வெளியே எடுக்கப் போவதாகவே எழுதியிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்ட என் விரல் ஒத்துழைக்காது. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

வண்டி என்னுடையது இல்லை. என் அக்கா மகனுடையது. நான் இடைநிலை ஆசிரியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்பேனர் பிடித்தவன் இல்லை. ஆனால் மாப்பிள்ளை இந்த வண்டியை வாங்கியதிலிருந்து, உதிரி பாகம் தேடி அவன் போன இடமெல்லாம் நானும் பக்கத்து சீட்டில் போயிருக்கிறேன். கணபதி, ஆவாரம்பாளையம் லேத் பட்டறைகள், உக்கடம் பழைய சாமான் கடைகள், சென்னைப் புதுப்பேட்டை என்று எல்லாம் சுற்றியாகிவிட்டது. எங்கே என்ன வாங்கினோம், கடைக்காரர் என்ன சொன்னார், பொருள் எப்படி இருந்தது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். வாத்தியார் புத்தி.

கிடைக்குமா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. கிடைக்கும். சிக்கல் அங்கே இல்லை. பழைய காருக்கு எதைக் கேட்டாலும் "இருக்குங்க" என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். இதில் யாரை நம்புவது என்பதுதான் என் கவலை. இந்த வண்டியில் மாப்பிள்ளை, அவன் மனைவி, இரண்டு குழந்தைகள் என்று நாலு பேர் சின்னாறு வழியாக மறையூர் மலை ஏறப் போகிறார்கள்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். இங்கிலாந்தின் டிரயம்ப் கம்பெனி 1959-இல் கொண்டுவந்த கார் ஹெரால்ட். வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. 1961 முதல் நம் சென்னையில், வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் செய்தார்கள். 948 சி.சி. எஞ்சின். முன் பானெட் முழுவதும் மட்காடோடு சேர்த்து முன்னால் சாயும். அடியில் தனிச் சட்டம், அதன்மேல் உடம்பைப் போல்ட் போட்டுப் பூட்டியிருக்கும். இந்தச் சட்டத்தையே குட்டையாக்கி, அதன்மேல் 1962-இல் இங்கிலாந்தில் செய்த இருவர் ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அந்தக் காரை இன்றும் ஓட்டுகிறவர்கள் அங்கே ஏராளம். அவர்களுக்கென்று டிரயம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்ற சங்கமே இருக்கிறது. அதனால் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நம் வண்டலூர்த் தொழிற்சாலை 1980-களின் இறுதியிலேயே கார் செய்வதை நிறுத்திவிட்டது. ஆக, நம் ஹெரால்டை இன்று ஓட வைத்துக்கொண்டிருப்பது பாதிக்கு அந்த ஸ்போர்ட்ஸ் கார்தான். பணக்காரத் தம்பியின் சட்டையை ஏழை அண்ணன் போட்டுக்கொள்கிற மாதிரி.

ஆனால் எல்லாச் சட்டையும் சேராது. ஸ்பிட்ஃபயருக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். எங்கள் வண்டிக்கு டிரம். ஹெரால்டுக்கு அப்புறம் 1972-இல் வந்த கேசல் காருக்கு எஞ்சின் அதேதான், பின் ஆக்ஸில் வேறு. "ஹெரால்டுக்கும் கேசலுக்கும் எல்லாம் ஒண்ணுதாங்க" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கடையில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கி ஒரு நெட்டுத் தண்டு நிற்கும். அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, பித்தளை நிறத்தில் இருக்கும் ஒரு கட்டைக்குள் போய்ப் பூட்டும். இந்தக் கட்டைக்கு டிரன்னியன் என்று பெயர். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை கட்டைக்குள் சுழல்கிறது. முன்பக்கத்துப் பாரம் முழுவதும் இப்படி இரண்டு கட்டைகளில்தான் நிற்கிறது. இதற்குக் கிரீஸ் போடக்கூடாது. தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்பது இந்த வண்டியை அறிந்தவர்களுக்குப் பாடம். நம் ஊரில் எண்ணெய் நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் கன்னை எடுத்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே காய்ந்து இறுகும். எண்ணெய் போகாது. தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். மரை தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் தண்டு ஒடிந்தால் சக்கரம் உள்ளே மடங்கிவிடும். மலைப்பாதையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனமில்லை.

எங்கள் மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் ஏற்றி முன்சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். 'லொடக்' என்றது. இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்றார். ஒரு பெரிய ஊரில், பெயர் வேண்டாம், பழைய கார் சாமானுக்குப் பேர்போன ஒரு கடையில் ஜோடி இருப்பதாகச் சொன்னார்கள். பணம் அனுப்பினோம், பார்சல் வந்தது. மெக்கானிக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சார், இது ஆகாதுங்க. ரெண்டும் ஒரே பக்கத்துதுங்க" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் காட்டினார். ஒரு பக்கத்துக்கு வலது மரை, இன்னொரு பக்கத்துக்கு இடது மரை. ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் பூட்டாது. கடைக்குப் போன் செய்தோம். "டேப் விட்டு மரையைப் புதுசா வெட்டிக்கலாம் சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார் அந்த மனிதர்.

இருக்கிற மரையின் மேல் எதிர்ப்பக்கமாக மரை வெட்டினால் அந்தக் கட்டையில் என்ன மிஞ்சும்? அதன்மேல் குழந்தைகளை உட்கார வைப்பதா? மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. பணம் திரும்பி வரவில்லை. அந்த இரண்டு கட்டைகளும் என் மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகின்றன.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எந்தக் கடைக்குப் போன் செய்தாலும் "ஹெரால்டுக்கு டிரன்னியன் ஒண்ணு வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்போம். "இருக்குங்க, இவ்வளவு ரூபாய்" என்று உடனே சொல்கிறவர் ஒரு வகை. "எந்தப் பக்கத்துக்குங்க?" என்று திருப்பிக் கேட்கிறவர் இன்னொரு வகை. என் நோட்டில் அந்த இரண்டாவது வகை ஆட்களின் பெயர் எல்லாம் சேர்த்து ஒரு பக்கம்கூட நிறையவில்லை. ஆனால் அவர்களிடம் வாங்கிய எதுவும் திருப்பி அனுப்ப நேர்ந்ததில்லை. வகுப்பில் கூட, "புரிஞ்சுதா?" என்று கேட்டதும் முதலில் "புரிஞ்சுது சார்" என்று கத்துகிற பையனை நான் ஒருநாளும் நம்பியதில்லை. யாரைச் சொல்கிறேன் என்று 1994 செட்டுக்குத் தெரியும்.

கடைசியில் அந்தக் கட்டைகள் இங்கிலாந்திலிருந்துதான் வந்தன. தபால் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்த்து விலை கூடத்தான் ஆனது. மாப்பிள்ளையின் சட்டத்தின் நம்பர், எந்த ஆண்டு வண்டி, முன்சக்கரத்தில் டிரம்மா டிஸ்க்கா என்றெல்லாம் கேட்டுத்தான் அனுப்பினார்கள். அதற்காக இங்கிலாந்து என்றாலே கண்ணை மூடி வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே விற்கிற பழைய கார்ச் சாமான்களில் சில இந்தியாவிலும் தைவானிலும் செய்தவைதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டார், கண்டென்சர் போன்ற சின்னச் சாமான்களில் மட்டமான சரக்கு வருகிறது என்று அந்த ஊர்க்காரர்களே புலம்புகிறார்கள். பெட்டிமேல் போட்ட கொடியைப் பார்த்துச் சரக்கை எடை போட முடியாது.

இன்னொரு கட்சி இருக்கிறது. "கோயம்புத்தூர்ல இல்லாத லேத்தா? எதை வேணாலும் கடைஞ்சு குடுத்துருவாங்க" என்பவர்கள். என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இந்தக் கட்சிதான். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. பம்பு செட்டும் மில் மெஷினும் செய்து பழகிய கைகள். ஜி.டி.நாயுடு பிறந்த மண். அவர் பெயரில் அவினாசி ரோட்டில் கார் மியூசியமே இருக்கிறது. செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் பந்தயத் தடம் இருக்கிறது. பந்தயக் காரை இங்கேயே கட்டி ஓட்டியவர் அவர். அதையெல்லாம் மறுக்கவில்லை. எங்கள் வண்டிக்கு கியர் லிவர் புஷ், ஸ்பேசர், பின் எல்லாம் ஆவாரம்பாளையத்தில் ஒரு பெரியவர் கடைந்து கொடுத்ததுதான். பழைய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மைக்ரோமீட்டரில் நாலு இடத்தில் அளந்து, "இது தேஞ்சு போன அளவுங்க, புதுசுல எவ்வளவு இருந்திருக்கும்னு பார்த்துத்தான் கடையோணும்" என்றார். மத்தியானம் முழுக்க அதற்கே போனது. அவர் கேட்ட கூலியில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி மாப்பிள்ளை வாயைத் திறந்தான். நான் முறைத்த முறையில் மூடிக்கொண்டான். அந்தப் பெரியவரின் பையன் ஐ.டி. வேலைக்குப் போய்விட்டான். பட்டறையை அடுத்து யார் பார்ப்பார்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார், அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களிடம் பேரம் பேசுகிறவர்கள், பத்து வருஷம் கழித்து ஒரு புஷ்ஷுக்கு எங்கே போவார்கள்?

அதே பெரியவரிடம் மாப்பிள்ளை அந்த நெட்டுத் தண்டையும் காட்டி, இதைச் செய்ய முடியுமா என்று கேட்டான். "அளவு வந்துருங்க. பலம் வராதுங்க. இது அடிச்சுச் செஞ்ச இரும்பு, ராடுல கடையறது இல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையில் வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதரைத்தான் என் நோட்டில் முதல் பெயராக எழுதியிருக்கிறேன்.

வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம்.

"பெட்டி பிரிக்காத அந்தக் காலத்து ஒரிஜினல்" என்று சொன்னால் நமக்கெல்லாம் ஒரு மயக்கம் வரும். இரும்புச் சாமானுக்குச் சரி. பிரேக் சிலிண்டருக்குள் போகும் ரப்பர் வாஷரை அப்படி வாங்காதீர்கள். 1970-களில் செய்த ரப்பர், ஒருநாள்கூட ஓடாமல் பெட்டியில் இருந்தாலும் வயசு வயசுதான். வளைத்துப் பார்த்தால் ஓரத்தில் வெடிப்பு தெரியும். பெட்டிக்கு ஆசைப்பட்டால் பெட்டியை அலமாரியில் வையுங்கள்; பிரேக்குக்குப் புது ரப்பர் போடுங்கள். சிலிண்டரைத் துடைக்க எஞ்சின் ஆயிலோ பெட்ரோலோ பக்கத்தில் வரக்கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

பேரிங்கை "ஹெரால்ட் பேரிங்" என்று கேட்காதீர்கள். பழைய பேரிங்கின் விளிம்பில் நம்பர் பொறித்திருக்கும். அதைத் துடைத்துப் படித்து, அந்த நம்பரைச் சொல்லி நல்ல பேரிங் கடையில் பில்லோடு வாங்குங்கள். ஆயில் சீலுக்கு உள் அளவு, வெளி அளவு, தடிமன் மூன்றும் போதும். கார் பெயரைச் சொன்னால் விலை ஏறுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த வண்டியில் பெரும்பாலும் இஞ்ச் அளவு மரைதான். பதினாறில் ஐந்து இஞ்ச் போல்ட் என்பது 7.94 மில்லிமீட்டர், இன்றைய 8 மில்லிமீட்டர் போல்ட்டும் கிட்டத்தட்ட அதே தடிமன். இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அதை ஸ்பேனர் போட்டு இழுத்து ஏற்றினால் மரை போச்சு. இஞ்ச் போல்ட் வைத்திருக்கிற ஹார்ட்வேர் கடை கோவையில் இன்னும் இருக்கிறது, தேடுங்கள்.

போனில் படம் பார்த்து வாங்குவதாக இருந்தால், பொருளுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்கே சலித்துக்கொள்கிற ஆளிடம் வாங்க வேண்டாம். புதிய பாகம் பூட்டி, வண்டி ஓடி, ஒரு மாசம் ஆகிற வரைக்கும் பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் அக்கா திட்டிக்கொண்டே ஒரு மரப்பெட்டி முழுக்க வைத்திருக்கிறார்.

மாப்பிள்ளை வண்டி இப்போது திருமூர்த்தி மலை வரைக்கும் போய் வருகிறது. மறையூர் இன்னும் இல்லை, பிரேக் வேலை பாக்கி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மடத்துக்குளம், குடிமங்கலம், கோமங்கலம் பக்கம் உங்கள் யார் சாளையிலாவது, கோழி அடைக்கிற பழைய ஹெரால்ட் நின்றால், எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். எங்களுக்குப் பின்விளக்கின் கண்ணாடி ஒன்று, பானெட்டைப் பூட்டும் கொக்கி ஒன்று தேவைப்படுகிறது. நியாயமான விலை தருவோம். படம் அனுப்பும்போது இடதா வலதா என்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.