விதினுக்குப் பாலம் வந்தது, சாலை வரவில்லை

பல்கேரியாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது விதின் மாகாணம். வடக்கிலும் கிழக்கிலும் டான்யூப் ஆறு, அக்கரையில் ருமேனியா, மேற்கே செர்பியா. 2011 கணக்கெடுப்பின்போது இங்கே 1,01,018 பேர் இருந்தார்கள். 2021-ல் எஞ்சியவர்கள் 75,408 பேர். நாட்டின் 28 மாகாணங்களில் மக்கள் மிகக் குறைந்தது இதுதான்.

நாலில் ஒரு பங்கு மக்களை இழந்த அதே பத்தாண்டில்தான் விதினுக்கு விடிவு பிறந்துவிட்டதாகச் சொன்னார்கள். 2013 ஜூனில் விதினையும் ருமேனியாவின் கலஃபாத்தையும் இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது. நான்கு வழிச் சாலை, கூடவே ஒரு ரயில் பாதை. அதுவரை இங்கே லாரிகள் படகிலேறித்தான் ஆற்றைக் கடந்தன. இரு நாடுகளுக்கும் எல்லையாக டான்யூப் ஓடும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில், 1954-ல் ருசே நகரில் கட்டியதற்கு அடுத்த பாலம் இது ஒன்றே. அது தேவையான பாலம், சந்தேகமில்லை. அதிலிருந்து இறங்கியபின் எங்கே போவது என்பதைத்தான் அரசு யோசிக்கவில்லை. தலைநகர் சோஃபியா சுமார் 200 கி.மீ. தொலைவு. பாலம் திறந்தபோது அங்கே செல்ல இருந்தவை பழைய குறுகிய நெடுஞ்சாலையும், ரயில்கள் மெல்ல ஊரும் ஒற்றைத் தண்டவாளமும்தான். சாலையை அகலப்படுத்தும் வேலை பல ஆண்டுகள் கழித்து, துண்டு துண்டாகத் தொடங்கியது.

இத்தனைக்கும் இது வறண்ட மூலையல்ல. ஆற்றோரம் செழிப்பான சமவெளி. நோவோ செலோ பக்கம் கம்சா என்ற கருந்திராட்சை விளைகிறது. குலா ஊருக்கு அருகிலுள்ள விராஷ்கா சுகா குன்றில் தொடங்கும் பால்கன் மலைத்தொடர், செர்பிய எல்லையோரமாகத் தெற்கே சென்று மிஜூர் சிகரத்தில் 2,169 மீட்டருக்கு உயர்கிறது. பெலோகிராட்சிக்கில் செந்நிறப் பாறைகளையே மதிலாக்கி நிற்கிறது ஒரு கோட்டை. ரபிஷா கிராமத்தை ஒட்டிய மகுரா குகையில், வௌவால் எச்சத்தால் வரைந்த வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள் இருக்கின்றன. குலா ஊரின் நடுவிலேயே ரோமானியக் கோட்டையின் இடிபாடுகள். ஆர்சார் கிராமத்துக்குப் பக்கத்தில் ரத்தியாரியா என்ற ரோமானிய மாநகரம் புதைந்து கிடக்கிறது. 1989-ல் பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்த பிறகு புதையல் திருடர்கள் அதை எந்திரங்கள் கொண்டு தோண்டிச் சூறையாடினார்கள். காவலுக்கு ஊரில் ஆளில்லாவிட்டால் வரலாறும் களவுபோகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மாகாணத்தின் 11 உள்ளாட்சிப் பகுதிகளில் 7 சிறு நகரங்களும் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களும் உண்டு. மேற்கெல்லையிலுள்ள பொய்னித்சா, நாட்டிலேயே மிகச் சிறிய உள்ளாட்சிகளுள் ஒன்று. விதின் நகரில் செயற்கை இழையும் டயரும் செய்த பெரிய இரசாயன ஆலை, பொதுவுடைமை ஆட்சி முடிந்தபின் நொடித்துப்போனது. வேலை இழந்தவர்கள் சோஃபியாவுக்குப் போனார்கள். 2007-ல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், பிள்ளைகளுக்கு மேற்கு ஐரோப்பாவின் கதவும் திறந்தது. கிராமங்களில் தங்கியவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்.

2025 ஜனவரி முதல் பல்கேரியாவும் ருமேனியாவும் தரைவழியிலும், எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் வட்டத்துக்குள் வந்துவிட்டன. இனி லாரிகள் இன்னும் விரைவாக விதினைக் கடந்துபோகும். போக்குவரத்துக் கணக்கு வளர்வதைக் காட்டி மாகாணம் வளர்கிறது என்று யாராவது பேசினால் நம்பக்கூடாது. குலாவிலும் பெலோகிராட்சிக்கிலும் திமோவோவிலும் இரவில் கூப்பிட்டால் வரும் மருத்துவர் இருக்கிறாரா, சுற்றுவட்டாரக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துவரப் பேருந்து ஓடுகிறதா, கம்சா பயிரிடுபவர் தன் திராட்சையை அந்த வட்டாரத்திலேயே மதுவாக்கி விற்க வழியிருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். பாலத்துக்குப் பல கோடி யூரோ திரட்ட முடிந்த அரசுக்கும் ஒன்றியத்துக்கும் இவை எட்டாத செலவுகள் அல்ல. அடுத்த கணக்கெடுப்புவரை காத்திருக்காமல், சோஃபியா சாலையை முடிக்கும் தேதியோடு சேர்த்து இவற்றுக்கும் தேதி குறிக்க வேண்டும்.