மரபணுவின் மேல் பழி போடாதீர்கள்

"சுகர் எங்க குடும்பத்திலேயே இருக்கு. ஜீன்ல இருக்கிறதை என்ன பண்ண முடியும்?" என்ற பேச்சு கேட்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. பெண் பார்க்கப் போகிறவர்கள், அந்தப் பரம்பரையில் ஏதாவது நோய் உண்டா என்று அக்கம்பக்கத்தில் துருவுகிறார்கள். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் அவன் ஜீன் அப்படி. "ரத்தத்திலேயே ஊறினது" என்று சாதிப் பெருமை பேசி வந்தவர்கள் இப்போது "எங்க டிஎன்ஏ" என்று பேசப் பழகிவிட்டார்கள். எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் குழந்தையின் திறமையைச் சொல்கிறோம் என்று கடை விரித்தவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் நம்புவது ஒன்றைத்தான்: மரபணுவில் இருந்தால் நடந்தே தீரும். இந்த நம்பிக்கை தவறு. அறிவியலின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதால், பழைய மூடநம்பிக்கைகளை எதிர்த்தவர்கள்கூட இதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள்.

ஒரு மரபணு உடம்பில் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. கல்லீரல் செல்லிலும் மூளை செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான், ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். எது எங்கே எப்போது வேலை செய்கிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவா ஜாகோபும் ழாக் மோனோவும் 1961லேயே இதன் அடிப்படையை ஒரு குடல் பாக்டீரியாவில் விளக்கிவிட்டார்கள். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்கள் ஈ.கோலையிடம் எப்போதும் இருக்கின்றன. பால் சர்க்கரை கிடைக்காதவரை ஒரு புரதம் அவற்றின் மேல் உட்கார்ந்து அடக்கி வைக்கிறது. கிடைத்ததும் அந்தப் புரதம் விலகிக்கொள்கிறது. 1965இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வு இது. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் நம் பேச்சில் இது ஏறவில்லை.

வயலில் இதையே பார்க்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய நெற்பயிர் தலையை வெளியே நீட்டப் பார்க்கும். சேர்த்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் நீள்வதிலேயே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் துவண்டு அழுகிவிடும். ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ நெல் மட்டும் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்தது. அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். அதை இனக்கலப்பின் மூலம் ஏற்றிய ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. நம் டெல்டா விவசாயிகளுக்குத் தெரிந்த சி.ஆர். 1009 ரகத்திலும் அதைச் சேர்த்திருக்கிறார்கள். மூழ்கிய பயிரிலிருந்து வெளியேற முடியாமல் எத்திலீன் வாயு உள்ளேயே தேங்கும். அந்தத் தேக்கம்தான் சப்1ஏவை முடுக்கிவிடுகிறது. பயிர் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைக் காத்துக்கொள்கிறது. வெள்ளம் வராத ஆண்டில் ஸ்வர்ணா-சப்1 சாதாரண ஸ்வர்ணாவைப் போலவே விளைகிறது. வயல் முழுக்க இருக்கும் மரபணு தண்ணீர் வரும்வரை கம்மென்று கிடக்கிறது.

பயிர்தானே, மனிதனுக்கு வரும் பரம்பரை நோய் அப்படியா என்று கேட்பார்கள். அதனால் பரம்பரை நோய்களிலேயே ஐயமற்ற ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: சிக்கிள் செல் சோகை. 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இதன் மரபணுக்கூறைப் பதிவு செய்தார்கள். மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழையால் ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும், அவ்வளவுதான். நோயாளியின் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடினால், வட்டமான சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அரிவாளாய் வளைவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். உடம்புக்குள் அப்படி வளைந்த அணுக்கள் குறுகிய ரத்தக்குழாய்களை அடைக்கும்போது வருவது எலும்பைப் பிளக்கும் வலி.

அதே பிழையோடு பிறந்த பச்சிளங் குழந்தையின் ரத்தத்தில் இந்த வளைவு மிகக் குறைவு. இதை 1948இல் கவனித்தவர் ஜேனட் வாட்சன் என்ற அமெரிக்க மருத்துவர். கருவில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் அதன் மரபணு அடங்கிவிடும், ஆனால் அழிந்துபோவதில்லை. சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் இந்தியாவிலும் பல நோயாளிகளுக்கு அது முழுதாக அடங்குவதில்லை. அதனால் அவர்களில் பலருக்கு நோயின் கடுமை குறைவாக இருக்கிறது. பிழை எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், வாழ்க்கைதான் வேறு.

கரு ஹீமோகுளோபினை அடக்கி வைக்கும் முக்கியமான புரதம் பிசிஎல்11ஏ என்பதை 2008இல் பாஸ்டனில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் காட்டினார்கள். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி, உலகில் அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் (மரபணுத் திருத்த) சிகிச்சை. அது என்ன செய்கிறது? பிழையான மரபணுவைத் தொடுவதே இல்லை. ரத்த அணுக்களை உண்டாக்கும் செல்களில் பிசிஎல்11ஏவின் கையைக் கட்டிவிடுகிறது. அடங்கிக் கிடந்த கரு ஹீமோகுளோபின் திரும்புகிறது. பெரும்பாலோருக்கு வலி நின்றுவிட்டது. நோய்க்குக் காரணமான எழுத்து அப்படியே இருக்கிறது, நோய் இல்லை. இதற்குப் பிறகும் "ஜீன்ல இருந்தா அவ்வளவுதான்" என்று சொல்பவர் எதை வைத்துச் சொல்கிறார்?

அமெரிக்காவில் 20 லட்சம் டாலருக்கு மேல் விலை போகும் சிகிச்சை அது, நீலகிரிக் குடிசைக்கு எட்டாது என்பது உண்மை. ஆனால் ஹைட்ராக்சியூரியா என்ற சாதாரண மாத்திரை அதே கரு ஹீமோகுளோபினை ஓரளவு கூட்டுகிறது. வலித் தாக்குதல்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் என்று 1995லேயே தெரிந்துவிட்டது.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹன்டிங்டன் போன்ற சில நோய்களில் அதன் பிடி இறுக்கமானது. சிக்கிள் செல் கூறுள்ள, அதாவது மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் பிழை உள்ள, இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு, திருமணத்துக்கு முன் பரிசோதித்துக்கொள்வது நல்லது. நான் எதிர்ப்பது, இந்தச் சில நோய்களைக் காட்டி எல்லாவற்றையும் விதியாக்குவதை. சர்க்கரை நோயையே பாருங்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்கள் நடையையும் உணவையும் மாற்றியபோது, நோயாக முற்றும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. பரம்பரையைச் சொல்லிச் சோறு வைத்துக்கொள்ளும் அதே தமிழர்கள் நடுவில் நடந்த ஆய்வு. வேகமாக நடந்துவிட்டு வந்த தசையில், சர்க்கரையை உள்ளே இழுக்கும் குளூட்4 புரதத்தின் மரபணு கூடுதலாக வேலை செய்கிறது. நடை ஜீனை மாற்றவில்லை, ஜீனின் வேலையை மாற்றுகிறது.

சாதிக்காரர்களின் டிஎன்ஏ பேச்சுக்கு இத்தனை விளக்கம்கூட வேண்டாம். எந்தச் சாதிக்கும் கணக்குக்கென்று தனி மரபணுவை எவரும் கண்டதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவிடாமல் தடுத்துவிட்டு, பிறகு அவர்கள் பிறப்பின் மேல் பழி போடுவது அக்கிரமம்.

2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டம். முடிவு எழுதிய அட்டை பழங்குடி வீடுகளுக்குப் போகிறது. அட்டை மட்டும் போனால், ஊர் அதைப் பார்த்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாதவள் என்று ஒதுக்கும். வலியில் துடிக்கும் பையனைப் பார்த்து, பரம்பரை நோய்க்கு மருந்து ஏது என்று அப்பாவே கைவிடுவார். அட்டை கொடுக்கும் நர்ஸே, இருளர் வீட்டிலும் பணியர் வீட்டிலும் உட்கார்ந்து அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும்: கூறு மட்டும் உள்ளவர் நோயாளி அல்ல; நோய் உள்ளவருக்கு மாத்திரை உண்டு, அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் தவறாமல் இலவசமாகக் கிடைக்கும். கிடைக்கும் என்ற அந்தக் கடைசி வார்த்தையை உண்மையாக்குவது சுகாதாரத் துறையின் பொறுப்பு.