ஆலோசனைக்கும் வட்டி கட்ட வேண்டுமா?



ஒரு லயக் காம்பராவின் மூலையில் தையல் மெஷின் ஒன்று பழைய சேலையால் மூடிக் கிடக்கிறது. அதை வாங்கிய சகோதரி ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லாமல் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். மெஷின் நின்றுவிட்டது, தவணை மட்டும் நிற்காமல் ஓடுகிறது. எங்கள் மாவட்டக் காரியாலயத்துக்கு அவர் வந்தபோது கையில் இருந்தது ஒரு கடன் புத்தகம் மட்டுமே.

சுயதொழில் தொடங்குமுன் யாரிடம் யோசனை கேட்டீர்கள் என்று அவரிடம் கேட்டோம். "கடன் கொடுக்க வந்த தம்பிதான் சொன்னார். பள்ளிக்கூட யூனிபோர்ம் தைத்தால் நல்லா ஓடும் அக்கா என்றார்" என்று பதில் வந்தது.

அந்தத் தம்பி சொன்னதில் பாதி உண்மை இருந்தது. புதிய தவணைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் காலத்தில் தையல் வேலை குவியத்தான் செய்யும். ஆனால் சீருடை வருடத்தில் ஒரு தடவை தைப்பது. அதன் பிறகு மாதக் கணக்கில் லயத்தில் யார் தைக்கக் கொடுப்பார்கள்? தைத்தவர்களும் காசை எப்போது கொடுப்பார்கள்? நமது ஜனங்களின் கையில் காசு புழங்குவது சம்பள நாளை ஒட்டிய சில நாட்கள்தான். மற்ற நாளெல்லாம் கொப்பியில் எழுதும் கடன். வாடிக்கையாளர் மாதத்துக்கு ஒருமுறை தருகிறார், கடன்காரர் வாரத்துக்கு ஒருமுறை வாசலில் நிற்கிறார். இந்த ஒரு கணக்கை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்த மெஷின் வந்திருக்காது. அல்லது கடன் இல்லாமல், சீட்டுக் காசில், மெதுவாக வந்திருக்கும்.

வட்டிக் கணக்கையும் பாருங்கள். 50,000 ரூபா கடன், வாரம் 1,250 ரூபா, 52 வாரம் என்று வைப்போம். மொத்தம் 65,000 ரூபா. "வட்டி 30 வீதம்தான்" என்பார்கள். ஆனால் அந்த 50,000 வருடம் முழுவதும் நம் கையில் இருப்பதில்லை. முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம். குறைந்துகொண்டே போகும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 50 வீதத்தையும் தாண்டுகிறது. கடன் விற்க வந்தவர் இதைச் சொல்லமாட்டார். சொன்னால் அவருடைய வியாபாரம் நடக்காது. அவரிடம் ஆலோசனை கேட்பது, மீன் விற்பவரிடமே மீன் நாறுகிறதா என்று கேட்பதைப் போன்றது.

அப்படியானால் வேறு யாரிடம் கேட்டிருக்கலாம்? கேட்பதற்கு அரசாங்கத்தில் ஆள் இல்லாமல் இல்லை. பிரதேச செயலகத்தில் சிறுதொழில் முயற்சிகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வியாபாரப் பெயரைப் பதிவதும் அங்கேதான். தொழில்நுட்பப் பயிற்சிக்கு விதாதா வள நிலையம் இருக்கிறது. கைத்தொழில் அபிவிருத்திச் சபை 1969 முதல் இருக்கிறது. தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மரக்கறி போடுபவருக்கு விவசாயப் போதனாசிரியர், மாடு வளர்ப்பவருக்கு அரச மிருக வைத்தியர், சாப்பாட்டுச் சாமான் விற்பவருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று எல்லோருக்கும் மக்கள் பணத்தில் சம்பளம் போகிறது. நாம் வாங்கும் மாவிலும் சீனியிலும் சவர்க்காரத்திலும் வரி கட்டித்தான் அந்தப் பணம் சேர்கிறது.

ஆனால் தோட்டத்துக்கு அந்த ஆலோசனை எந்த விலையில் வந்து சேர்கிறது? பிரதேச செயலகத்துக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். பஸ் காசு வேறு. போன நாளில் ஐயா வெளிக்கள வேலைக்குப் போயிருப்பார். இன்னொரு நாள் போனால் சிங்களத்தில் அச்சடித்த படிவம் கையில் கிடைக்கும். அதை நிரப்பித் தர வாசலில் ஒருவர் காசு கேட்பார். கடைசியில், "தொழில் செய்யும் இடம் உங்களுடையதா? தோட்டத்திடம் கடிதம் வாங்கி வாருங்கள்" என்பார்கள். தோட்டக் காரியாலயத்துக்குப் போனால் கிளாக்கர் துரையைக் காட்டுவார், துரை கொழும்பைக் காட்டுவார். இலவச ஆலோசனைக்காக இரண்டு மூன்று நாள் சம்பளம் கரைந்துவிடும். கடன் கொடுப்பவரோ லயத்து வாசலுக்கே வருகிறார், தமிழில் பேசுகிறார், அக்கா என்று கூப்பிடுகிறார். நமது பெண்கள் ஏமாளிகள் என்பதால் அவரிடம் போகவில்லை. வாசலுக்கு வந்த ஒரே ஆள் அவர் என்பதால் போனார்கள்.

தோட்டம் வேறு, ஊர் வேறு என்று நம்மை ஒதுக்கி வைத்த பழக்கம்தான் இன்னும் தொடர்கிறது. பிரதேச சபை தோட்டத்துக்குள் சேவை செய்வதற்குத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. வாக்குக் கேட்க மட்டும் லயம் தெரிந்தது, சேவை செய்யத் தெரியவில்லை. சட்டம் திருந்தியும் உத்தியோகத்தரின் பாதை இன்னும் தோட்டத்து வளைவில் திரும்பவில்லை.

கம்பனிகளுக்கும் ஒன்று சொல்லி வைக்கிறோம். சம்பளம் கேட்டால், "சுயதொழில் செய்து வருமானத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்" என்று உபதேசம் வருகிறது. 1000 ரூபாவுக்கு ஆண்டுக்கணக்காகப் போராடி 2021இல்தான் வாங்கினோம். நாளெல்லாம் மலையேறிக் கொழுந்து சுமந்தவருக்கு அந்த வேலையிலேயே வயிறு நிறையவேண்டும். சுயதொழில் சம்பளத்துக்குப் பதில் ஆகாது. பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக்கும் மேலதிகமாக ஒரு வழி வேண்டும் என்று தொழிலாளி விரும்புவது அவரது உரிமை. அப்படி உபதேசிக்கும் அதே நிர்வாகம், லயத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கடை போடக் கடிதம் கேட்டால் மாதக் கணக்கில் இழுத்தடிக்கிறதே, இது என்ன நியாயம்?

"நமது ஆட்களுக்கு வியாபாரம் வராது" என்று நமக்குள்ளேயே சிலர் பேசுகிறார்கள். மாதக் கடைசியில் இருக்கிற மாவையும் தேங்காயையும் வைத்து ஐந்து பேருக்குச் சாப்பாடு போடும் பெண்ணுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது? அவருக்குக் குறைவது புத்தி இல்லை. பதிவு எங்கே, சந்தை எங்கே, செலவில் தன் கூலியையும் சேர்த்துத்தான் விலை போடவேண்டும் என்பதை எடுத்துச் சொல்ல ஒரு நம்பிக்கையான ஆள்தான் குறைவு.

இதில் சங்கமும் தப்பிக்க முடியாது. மாதா மாதம் சந்தா வாங்குகிறோம். சம்பளம், பேர், வேலைநிறுத்தம் என்றால் முன்னால் நிற்கிறோம். ஆனால் ஓய்வுபெற்றவர் சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, "இதை எதில் போடலாம்?" என்று தோட்டத் தலைவரைக் கேட்டால் நமது தலைவரிடம் பதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் தரகரும் கடன்காரரும் நுழைகிறார்கள். இதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே எமது கோரிக்கைகள் இவை.

1. சுயதொழிலுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள் மாதம் ஒருமுறை, கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு அல்லது ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக்கே வரவேண்டும். பிள்ளைக் காம்பராவோ வாசிகசாலையோ போதும், மேடை தேவையில்லை.

2. படிவமும் பதிலும் தமிழில் வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. இதற்காக நாம் யாரிடமும் கெஞ்சவேண்டியதில்லை.

3. தொழில் இடத்துக்கான கடிதத்தைத் தோட்ட நிர்வாகம் 14 நாளுக்குள் கொடுக்கவேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.

4. சங்கத்தின் ஒவ்வொரு மாவட்டக் காரியாலயத்திலும் வாரத்தில் ஒரு நாள் ஆலோசனை மேசை ஒன்று இருக்கவேண்டும். படித்து வேலை தேடும் நமது பிள்ளைகளும் ஏற்கெனவே தொழில் செய்யும் அங்கத்தவர்களும் அதில் உட்காரட்டும். அங்கத்தவரிடம் ஒரு சதமும் வாங்கக்கூடாது.

முதல் மூன்றையும் அவர்களிடம் கேட்கிறோம். நான்காவதை நம்மிடமே கேட்கிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு பிரதேச செயலகமும் கடந்த வருடம் எத்தனை சுயதொழில் பயிற்சிகளை நடத்தியது, அதில் எத்தனை தோட்டப் பிரிவுகளில் நடந்தது என்று எழுதிக் கேட்கலாம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பெயரில் அந்தக் கடிதத்தை அனுப்பட்டும். பதில் வந்ததும் இந்தப் பத்திரிகையில் அப்படியே போடுவோம்.

அதுவரை, சகோதரிகளே, ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கடன் தருபவர், மெஷின் விற்பவர், கோழிக்குஞ்சு விற்பவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வது விற்பனைப் பேச்சு. கேளுங்கள், ஆனால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். கடன் கம்பனிக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற கம்பனிகளின் பட்டியல் மத்திய வங்கியிடம் இருக்கிறது. யார் வாங்குவார்கள், வருடத்தில் எத்தனை மாதம் வாங்குவார்கள், காசு எப்போது கைக்கு வரும் என்ற மூன்று கேள்விக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் தாளோடு காரியாலயத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

அந்தச் சகோதரியின் கடன் புத்தகம் இப்போது எங்கள் மேசையில் இருக்கிறது. தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும்படி அவர் சார்பில் சங்கம் கடிதம் எழுதியிருக்கிறது. அடுத்த சீருடைக் காலத்தில் அந்த மெஷின் மீண்டும் ஓடவேண்டும். அந்த முறை அவர் தனியாக இருக்கமாட்டார்.