மாடு இல்லையா? மீன் இருக்கிறது!

தமிழ்நாட்டில் சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து ஜீவாமிர்தம் தயாரிக்கிறார்கள். மாடு வீட்டிலேயே நிற்பதால்தான் செலவு குறைவு. கிள்ளானில் காய்கறி போடுவோர் சாணத்துக்கு அலைந்தால் அது மலிவு முறையே அல்ல. இங்கே கைக்கெட்டுவது மீன் கழிவு.

மீன் கடையில் ஒதுக்கும் குடல், செதிலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ வெல்லம் கலந்து, வாளியில் போட்டு நிழலில் வையுங்கள். வாயு வெளியேற வேண்டும், மூடியை இறுக்காதீர்கள். சுமார் 21 நாளில் கவிச்சி போய்ப் பழவாடை வரும். அதுதான் மீன் அமிலம். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து மிளகாய், வெண்டைக்கு மாலையில் தெளியுங்கள். செலவு வெல்லத்துக்கு மட்டுமே.

2013-இல் மறைந்த நம்மாழ்வார் வலியுறுத்தியதும் இதுதான்: விலைக்கு வாங்கும் இடுபொருள் குறைந்தால்தான் விவசாயி கடனின்றி நிமிர்வார்.